யோசிக்க முப்பது விநாடி

ஷெஃபீல்டில் நவம்பர்.
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் கம்பளம் விரித்தால்
அது வேலைவாய்ப்புச் சந்தை.
எங்கள் மேசை நாற்பத்தொன்று,
வாசலை ஒட்டி; ஊதல் காற்று நேராக முழங்காலுக்கு.
தானியங்கிக் கதவுகள் செய்யும் கம்பெனி நாங்கள்.
மண்டபத்துக் கதவோ
முட்டுக்கொடுத்த ஒரு நாற்காலியின் தயவில் திறந்து நின்றது.

திருமகள் என்பது நீளமாம்.
பெயர்ப்பட்டையில் 'திரு' என்று வெட்டி அச்சடித்திருந்தார்கள்.
அன்று முழுவதும் நான் திருவாளர்.
அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் புரியாத வேடிக்கையை
மார்பில் குத்திக்கொண்டு நின்றேன்.

வந்தார்கள்.
இலவசப் பையை இன்னொரு இலவசப் பைக்குள் திணித்தபடி வந்தார்கள்.
சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூசி
"அலுவலகச் சூழல் எப்படி?" என்றார்கள்.
ஒருவன் அப்பாவின் கோட்டில்,
விரல் நுனிகள் மட்டும் வெளியே.
ஒருத்தி நேராகவே கேட்டாள்: "விசா தருவீர்களா?"
மாட்டோம் என்பதற்கு எங்களிடம்
நான்கு இதமான வாக்கியங்கள் உண்டு.
மூன்றாவதைச் சொன்னேன்.
தலையாட்டிவிட்டு நாற்பத்திரண்டுக்கு நகர்ந்தாள்,
மற்ற மூன்றில் ஒன்றை அங்கே கேட்க.

இடங்கள் ஆறு.
விண்ணப்பம் ஆயிரத்து நூற்று நாற்பது.
இயந்திரம் சலித்தது போக
என் மடிக்கு வந்தவை இருநூறு காணொளிகள்.
திரையில் கேள்வி தோன்றும்.
யோசிக்க முப்பது விநாடி, பேசத் தொண்ணூறு.
யோசிக்கும்போதும் கேமரா ஓடும் என்பது
விதிமுறையின் பதினோராம் பத்தியில் இருக்கிறது.
அதுவரை யாரும் படிப்பதில்லை.
நானே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் பருப்பு.
தொண்ணூறில் எல்லோரும் ஒரே ஆள்:
சவால், குழு, கற்றுக்கொண்டேன்.
முப்பதில்தான் இருநூறு பேர்.
நகம் கடிப்பவன்.
சிலுவை போட்டுக்கொள்பவள்.
பூனையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுபவன்.
ஜன்னல் சாத்த எழுந்துபோய்
டைக்குக் கீழே பைஜாமாவைக் காட்டிவிட்டவன்.

கெசையா ஓல்ட்ராய்டு
சலவைக்கடையில் உட்கார்ந்திருந்தாள்.
பின்னால், கண்ணாடி வட்டத்துக்குள்
யாருடைய போர்வையோ சுழன்றது.
கேள்வி: நீங்கள் தோற்ற ஒரு தருணம்.
சிரித்துப் பார்த்தாள், பல் தெரிய. கலைத்தாள்.
பல் தெரியாமல். கலைத்தாள்.
மூன்றாவதை வைத்துக்கொண்டாள்,
இரவல் சங்கிலியைக் கழுத்தில் சரிசெய்வது போல.
பிறகு, தனக்குத்தானே, மெதுவாக,
"வாடகை" என்றாள்.

மணி அடித்தது. பேசினாள்.
சவால், குழு, கற்றுக்கொண்டேன்.
பருப்பு அடிபிடித்த வாசம் வந்தபோது
முப்பதை நான்காம் முறை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மதிப்பெண் தாளில் அந்தச் சொல்லுக்குக் கட்டம் இல்லை.
மூன்று போடவேண்டிய இடத்தில் நான்கு போட்டேன்.
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கிரேம் காரணம் கேட்டார்.
என் கையில் இருந்தது காரணம் அல்ல,
ஒட்டுக்கேட்டது.
மூன்றாக்கினேன்.
"உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று தொடங்கும் மடல்
நான் எழுதியதுதான்.
ஆயிரத்து நூற்று முப்பத்துநான்கு பேருக்கு
ஒரே சொடுக்கு.

மறு நவம்பர்.
அதே கோடுகள், அதே நாற்காலி, அதே முழங்கால்.
எதிர் மேசை ஒரு பிஸ்கட் கம்பெனி.
மாணவர்களை உள்ளே விட அரை நிமிடம் இருக்கையில்
அங்கே ஒரு பெண்
பல் தெரியச் சிரித்தாள். கலைத்தாள்.
பல் தெரியாமல் சிரித்தாள். கலைத்தாள்.
மூன்றாவது எது என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு என்னைத் தெரியாது.
அந்தத் திரைக்குள் நான் இருந்ததே இல்லை.
தட்டோடு வந்தாள், என் பட்டையைப் படித்தாள்.
"திரு, இஞ்சியா எலுமிச்சையா?"
கட்ட முடிகிறதா என்று நாக்கு வரை வந்ததை
இஞ்சியோடு சேர்த்து மென்றேன்.
நல்ல பிஸ்கட். கொஞ்சம் காரம்.
வாசலில் யாரோ நாற்காலியை இடறி
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
உள்ளே வந்தார்கள்.